வடக்கே தெய்வசிகாமணி

விற்பனைக்கு வந்திருந்த அந்த வீட்டின் வடக்கெல்லை தெய்வசிகாமணி. தெற்கே கிணறு, கிழக்கே வண்டித்தடம், மேற்கே ஓடை, வடக்கே தெய்வசிகாமணி. பத்திரத்தில் அப்படித்தான் இருந்தது.

அவருக்கு முன்னால் அவருடைய அப்பா வடக்கே இருந்தார். வீட்டைக் கட்டியவர்கள் பத்திரம் எழுத உட்கார்ந்த நாளில் மற்ற மூன்று பக்கத்துக்கும் சொல்ல ஏதோ ஒன்று இருந்தது. வடக்கே மட்டும் வெறும் பொட்டல். ஒரு கல் இல்லை, ஒரு வேலமரம் இல்லை. எழுத்தர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் காத்திருப்பார்? அந்தப் பொட்டலில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார். அவரையே எழுதிவிட்டார்கள். அவர் காலமானதும் அது வாரிசுப்படி மகனுக்கு வந்தது. சிலருக்கு அப்பன் வழியில் தோட்டம் வரும், சிலருக்குச் சர்க்கரை வியாதி வரும். தெய்வசிகாமணிக்கு வடக்கு வந்தது.

எல்லையாக இருப்பது பெரிய கஷ்டம் இல்லை. நிற்கலாம், உட்காரலாம், படுக்கலாம். வடக்கேயும் தெற்கேயும் மட்டும் நகரக் கூடாது. நகர்ந்தால் வீடும் கூடவே நகரும். கிணற்றுக்கும் அவருக்கும் நடுவில் இருப்பதெல்லாம் வீடு என்று எழுதிக் கையெழுத்தும் போட்ட பிறகு வீடு வேறென்னதான் செய்யும்? அவர் முதுகுக்கு ஒரு சாண் பின்னால் எப்போதும் வடக்குச் சுவர் நின்றது. அதில் ஒரு ஜன்னல். மூன்று வேளைச் சாப்பாடும் அந்த ஜன்னல் வழியாக வந்தது.

கிழக்கு மேற்காக அவர் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம். அதனால் வெள்ளாட்டுவலசில் அவருக்கு வேண்டியதெல்லாம் ஒரே கோட்டில் இருந்தது. மேற்குக் கோடியில் அவருடைய ஓட்டுவில்லை வீடு, அப்புறம் சலூன், அப்புறம் ரேஷன் கடை, கிழக்கே டீக்கடை. கோட்டை விட்டு ஒரு முழம்கூட விலகாத வாழ்க்கை. கிராமத்தில் அவரைப் பற்றி யாரும் தப்பாக ஒரு வார்த்தை சொன்னதில்லை.

வீடு முதலில் மூன்றே அறை. அங்கே ஒரு கல்யாணம் வந்தால் ஜன்னலைத் திறந்து, "சிகாமணி, ஒரு ரூம்பு," என்பார்கள். அவர் பன்னிரண்டு அடி வடக்கே போய் நிற்பார். ஓர் அறை வந்துவிடும். சலூன்காரரும் டீக்கடைக்காரரும் முனகிக்கொண்டே தங்கள் கடையைப் பன்னிரண்டு அடி தள்ளி வைத்துக்கொள்வார்கள். வடக்கே இருந்த மாரியம்மன் மட்டும் கோட்டுக்கு வர மாட்டேன் என்றுவிட்டதால் அவர் கோயிலுக்குப் போய் இருபது வருஷமாகிறது. இப்படியே வீடு பத்தொன்பது அறைக்கு வளர்ந்துவிட்டது. பதினோராவது அறைக்கும் பன்னிரண்டாவது அறைக்கும் நடுவே ஒரு முழ அகலத்தில் ஒரு சந்து உண்டு. தெய்வசிகாமணி ஒரு தடவை தூக்கத்தில் புரண்டு படுத்தபோது வந்தது அது. அதில் விளக்குமாறு வைத்துக்கொண்டார்கள்.

அவருக்கும் கல்யாணம் ஆனது. பெண் பார்க்கும்போது அவருடைய அம்மா எல்லா இடத்திலும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார். "உங்க வூட்டுல ஆராச்சும் எல்லையா இருக்கறாங்களா?" எல்லை வீட்டுக்கும் எல்லை வீட்டுக்கும் சம்பந்தம் பண்ணும் வழக்கம் அந்தப் பக்கத்தில் இல்லை. ஆலாம்பாளையத்துச் சுலோசனாவின் வீட்டில் இல்லை என்று சொன்னார்கள். ஆலாம்பாளையம் நேர் வடக்கே பதினான்கு கிலோமீட்டர். மாப்பிள்ளை பெண் பார்க்கப் போகவில்லை. போயிருந்தால் அழைக்காத வீடும் சேர்ந்து வந்திருக்கும். பெண்ணே வந்தாள், முகூர்த்தம் டீக்கடைக்கும் ரேஷன் கடைக்கும் நடுவில் நடந்தது.

சுலோசனா எட்டு வருஷம் அந்தக் கோட்டில் குடித்தனம் நடத்தினாள். அவளுக்குச் சுவர் பிரச்சினை இல்லை. ஓட்டுவில்லை வீட்டுக்கு நேர் எதிரே இருந்த ஜன்னல்தான் பிரச்சினை. வீட்டுக்காரப் பெரியம்மாள் பகலெல்லாம் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருப்பார், ராத்திரி அங்கேயே படுத்துக்கொள்வார். அவருக்குக் காது பழுதில்லாமல் இருந்தது.

"ஏனுங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்," என்பாள் சுலோசனா.

"என்ன அம்மிணி அது?" என்று ஜன்னல் கேட்கும்.

"ஒண்ணுமில்லீங்க."

எட்டு வருஷமும் இதே கதைதான். ஒரு நாள் அவளுடைய அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று தகவல் வந்தது. போனாள். அப்பா இறந்துபோனார். அவள் திரும்பி வரவில்லை. பதினோரு வருஷம் ஓடிவிட்டது.

கோபித்துக்கொண்டு போனவளும் இல்லை. வாரம் ஒரு தடவை போனில் பேசுவாள். சாப்பிட்டீங்களா, கால் வீக்கம் எப்படி இருக்குது, எண்ணெய் தேச்சுக் குளிச்சீங்களா என்று எல்லாம் கேட்பாள். கடைசியில் இவர் கேட்பார்.

"ஏம்புள்ள, அந்த ஒண்ணு என்னன்னு இப்பவாச்சும் சொல்லலாமில்ல?"

"போன்ல சொல்ற சங்கதி இல்லீங்க. நேர்ல வாங்க."

"நான் எப்படி வர்றது? நீ வந்துட்டுப் போ."

"நான் வர முடியாதுங்க."

"ஏன்?"

"அதைத்தானுங்க சொல்லோணும்."

தெய்வசிகாமணி பதினோரு வருஷமாகக் குழம்பிப் போயிருந்தார். சலூன் நாற்காலியில் குழம்பினார், ரேஷன் வரிசையில் குழம்பினார். நோயா, கோபமா, வேறு யாராவதா, அல்லது இவர்தான் எதையாவது பண்ணித் தொலைத்துவிட்டாரா? பாதிச் சோற்றில் கை நின்றுவிடும். அவருக்குச் சொத்து வேண்டாம், சுகம் வேண்டாம். ஒரே ஒரு தடவை ஆலாம்பாளையத்துக்குப் போய் அந்த ஒன்று என்னவென்று கேட்டுவிட்டால் போதும் என்று இருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் பெரியம்மாள் போய்ச் சேர, அவருடைய மகள் கலாமணி வீட்டை விற்க முடிவு பண்ணினார். தம்பிகள் இருவரும் வெளிநாட்டிலிருந்து சம்மதம் அனுப்பிவிட்டார்கள். பேப்பரில் விளம்பரம் வந்தது. "அமைதியான கிராமத்துச் சூழலில் விசாலமான குடும்ப வீடு. பத்தொன்பது அறைகள். தேவைப்பட்டால் மேலும்."

கலாமணி ஜன்னலைத் திறந்து தானே சொன்னார். "சிகாமணியண்ணா, புதுப் பத்திரத்துல உங்களுக்குப் பதிலா ஒரு கல்லு நட்டுடலாம். அப்பறம் நீங்க எங்க வேணாலும் போலாம்."

தெய்வசிகாமணி சந்தோஷத்தில் டீக்கடைவரை ஓடினார், திரும்பி சலூன்வரை ஓடினார். வேறு திசையில் ஓட வழியில்லை. நான்கு நாளில் கருங்கல் வந்து இறங்கியது. இடுப்புயரம், தலையில் 'வ' என்று கொத்தியிருந்தது. அதை அவருக்குப் பக்கத்திலேயே கோட்டில் நிறுத்திவைத்தார்கள், இடம் பழகட்டும் என்று. கல் நன்றாகத்தான் நின்றது. வெயிலில் முகம் சுளிக்கவில்லை, தூக்கத்தில் புரளவில்லை. தன்னைவிட நல்ல எல்லை என்று அவருக்கே தோன்றியது. கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது.

தரகர் ரத்தினசபாபதி ஒரு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வந்தார். திருமலைராஜன் என்று ஒருவர், அவர் மனைவி இந்திராணி. திருமலைராஜனுக்குத் தலையாட்டுவது தவிர வேலை இல்லை. அவர்கள் நான்கு அண்ணன் தம்பிகள், மொத்தம் இருபத்து மூன்று பேர், எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்பது இந்திராணியின் ஆசை. பத்தொன்பது அறையையும் பார்த்துவிட்டு ஜன்னலுக்கு வந்தார்.

"வடக்கே இவருங்களா?"

"இவருதானுங்க. ஐம்பத்து நாலு வயசு, ஒரு கெட்ட பழக்கம் கிடையாது," என்றார் ரத்தினசபாபதி.

"சித்தே தள்ளி நிக்கச் சொல்லுங்க, பாக்கலாம்."

தெய்வசிகாமணி பன்னிரண்டு அடி தள்ளி நின்றார். இந்திராணி புது அறைக்குள் நடந்து பார்த்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார், அலமாரி எங்கே வரும் என்று கையால் காட்டினார். திருமலைராஜன் தலையாட்டினார். விலை முடிந்தது. தெய்வசிகாமணி பழைய இடத்துக்கு வந்து நின்றார், அறை போய்விட்டது.

சிக்கல் பத்திரம் எழுதும்போது வந்தது. எல்லையை மாற்ற வேண்டுமானால் இருக்கிற எல்லை சம்மதிக்க வேண்டும். சம்மதத்தைச் சார்பதிவாளர் முன்னால் நேரில் வந்து சொல்ல வேண்டும். சார்பதிவாளர் அலுவலகம் தெற்கே ஒன்பது கிலோமீட்டரில் இருந்தது.

போவதற்கு இரண்டு நாள் முன்பே கட்டில், பீரோ, அண்டா குண்டான் எல்லாவற்றையும் வண்டித்தடத்துக்கு எடுத்து வைத்துவிட்டார்கள். தெய்வசிகாமணி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தெற்கே நடந்தார். சுவர் அவருக்கு முன்னால் ஒரு சாண் தள்ளி வழிவிட்டுக்கொண்டே போனது. பத்தொன்பதாவது அறை போனது, பதினெட்டாவது போனது. கூடம் போனது. அடுப்படி போகும்போது கொஞ்சம் கருகல் வாசனை வந்தது. கிணற்றை அவர் தாண்டியபோது வீடு முடிந்துவிட்டது. கலாமணி கிணற்று மேட்டில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஆதார் அட்டையை எடுத்துக்கிட்டீங்களாண்ணா?" என்று கேட்டார்.

"எடுத்துக்கிட்டனுங்க."

அலுவலகத்தில் சார்பதிவாளர் அம்மாள் காகிதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நல்ல பொறுமைசாலி. பார்த்துவிட்டு வெள்ளாட்டுவலசுத் தலையாரிக்குப் போன் பண்ணினார்.

"வீடு இருக்குதா?"

"இல்லீங்கம்மா. எல்லை காலையிலயே கெணத்தத் தாண்டிப் போயிருச்சுங்க."

அம்மாள் போனை வைத்தார். "இல்லாத வீட்டுக்கு எல்லையை எப்படிங்க மாத்தறது? வீடு இருக்கணும், அப்பத்தான் மாத்த முடியும்."

"வீடு இருக்கோணும்னா நான் அங்க நிக்கோணுமுங்களே," என்றார் தெய்வசிகாமணி.

"நீங்க இங்க வந்து சொல்லணுமே."

"இங்க வந்தா வீடு இல்லீங்களே."

"அதைத்தானே நானும் சொல்றேன்."

இருவரும் சொன்னது சரியாக இருந்தது. தெய்வசிகாமணிக்குத் தலை சுற்றியது. "அப்ப இந்த நேரத்துக்கு நான் ஆருங்க?" என்று கேட்டார். அம்மாள் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து, "இந்த நேரத்துக்கு நீங்க யாரும் இல்லீங்க," என்றார்.

யாரும் இல்லாதவராக அவர் வெளியே வந்தார். வீடு இல்லை, எல்லை இல்லை. கிழக்கே போகலாம், தெற்கே போகலாம், நின்ற இடத்தில் சுற்றலாம். ஒரு மணி நேரம் கடைத்தெருவில் இஷ்டத்துக்கு வளைந்து வளைந்து நடந்தார். எல்லாத் திசையும் இருந்தது, ஆலாம்பாளையம் மட்டும் வடக்கே இருந்தது. கிணற்றைத் தாண்டாமல் அங்கே போக வழியில்லை, தாண்டினால் வீடு மறுபடியும் வந்துவிடும். ஒரு கடையில் பூப்போட்ட குடை ஒன்று தொங்கியது. எதற்கென்று தெரியாமல் சுலோசனாவுக்கு என்று வாங்கினார். வாங்கிய பிறகு அழுகை வந்தது, கடைக்காரர் ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

அவர் திரும்பி வந்து வடக்கே நின்றதும் வீடு வந்துவிட்டது. அவசரத்தில் வந்ததால் அறைகளின் வரிசை கொஞ்சம் மாறியிருந்தது. பூஜை அறை அடுப்படிக்குள்ளே இருந்தது. மாடிப்படி ஏறினால் குளியலறை வந்தது. விளக்குமாறுச் சந்து வாசலுக்கு வந்திருந்தது. கலாமணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாமான்களை உள்ளே எடுத்து வைத்தார். இந்திராணிக்கு இது முன்பைவிடப் பிடித்தது.

அப்புறம் ஒரு வழி கிடைத்தது. நடக்க முடியாத நோயாளி என்றால் சார்பதிவாளரே நேரில் வருவார். அதற்கு வைத்தியர் சான்று வேண்டும். வைத்தியர் வந்து தெய்வசிகாமணியின் நாடியைப் பார்த்தார், கண்ணை விரித்துப் பார்த்தார், முட்டியில் தட்டினார். முட்டி துள்ளியது. "எல்லை நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறது" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

"இருமியாச்சும் காட்டியிருக்கலாமில்லண்ணா?" என்றார் கலாமணி.

"இருமல் வரலீங்க அம்மிணி."

அதோடு கலாமணிக்குப் பொறுமை போய்விட்டது. எல்லைகள் முன் பத்திரப்படி என்று ஒரு வரி எழுதினால் யாரும் வந்து எதையும் சொல்ல வேண்டியதில்லை. அப்படியே எழுதினார்கள். ஒரே காலையில் பதிவு முடிந்தது. தெற்கே கிணறு, கிழக்கே வண்டித்தடம், மேற்கே ஓடை, வடக்கே தெய்வசிகாமணி.

கலாமணி ஊருக்குக் கிளம்பும் முன் ஜன்னலுக்கு வந்தார். "ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்கண்ணா. கல்லை நீங்களே வெச்சுக்குங்க. உக்காரக் கொள்ள ஆவும்."

தெய்வசிகாமணி பதினோரு வருஷத்தில் முதல் தடவையாகச் சாப்பாட்டைத் தொடாமல் ஜன்னலிலேயே திருப்பி வைத்தார். கல்லின் மேல் உட்கார்ந்தார்.  அவர் சுலோசனாவுக்குப் போன் பண்ணி, "நான் வர்றாப்பல இல்ல புள்ள," என்றார்.  அவள், "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். "சாப்பிட்டேன்" என்று பொய் சொன்னார்.

நல்ல நாள் பார்த்து இந்திராணி பால் காய்ச்சினார். இருபத்து மூன்று பேரும் வந்துவிட்டார்கள். கூடத்தில் யார் எந்த அறை என்று பேச்சு ஆரம்பித்து, கொஞ்சம் சத்தமாகி, யாரோ கதவைச் சாத்தும் ஓசை கேட்டது. ஜன்னல் திறந்தது. இந்திராணி ஒரு டம்ளர் பாலை நீட்டினார். கண் சிவந்திருந்தது.

"அண்ணா, எங்களுக்கு எடம் பத்தாதாட்ட இருக்குதுங்க."

"எத்தனை ரூம்புங்க வேணும்?"

"கணக்கா கேட்டா என்ன சொல்றது? ஒருத்தர் பேசறது ஒருத்தருக்குக் கேக்காம இருக்கோணும். விசாலமா இருந்தாப் போதுமுங்க."

"விசாலமான்னா?"

"நீங்களே பாத்துப் பண்ணுங்க."

தெய்வசிகாமணி பாலைக் குடித்தார். டம்ளரைக் கழுவி ஜன்னலில் வைத்தார். பூப்போட்ட குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வடக்கே நடக்க ஆரம்பித்தார்.

பன்னிரண்டு அடியில் நிற்கவில்லை. நூறு அடியில் நிற்கவில்லை. வீட்டுக்கார அம்மாவே சொன்ன பிறகு அவர் ஏன் நிற்க வேண்டும்? சுவர் ஒரு சாண் பின்னால் வந்துகொண்டே இருந்தது. மாரியம்மன் கோயிலைத் தாண்டும்போது கும்பிட்டுக்கொண்டார். இருபது வருஷத்துக்குப் பிறகு அம்மனுக்கு இப்போது ஒரு பெரிய பூஜை அறை. சோளக்காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் தலைக்கு மேல் கூரை வந்ததும் முக்காட்டை எடுத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். மூங்கில்பள்ளம் தொடக்கப்பள்ளியில் நான்காம் வகுப்பு ஒரு படுக்கையறையில் அமைந்தது. வாத்தியார் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு வாய்ப்பாட்டை விட்ட இடத்திலிருந்து சொல்லிக்கொடுத்தார். தார்ச்சாலை நடுக்கூடமாகிவிட்டது. பதினோரு மணிப் பேருந்து கூடத்துக்குள் நுழைந்தபோது நடத்துநர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு டிக்கெட் கொடுத்தார்.

நடக்க நடக்க அவருடைய குழப்பம் கூடியது. போனதும் முதலில் என்ன கேட்பது? அவள் சொல்லப்போவது நல்லதாக இல்லாவிட்டால் எப்படித் திரும்பிப் போவது? திரும்பிப் போனால் இந்த அறைகளையெல்லாம் பிடித்தவர்கள் என்ன சொல்வார்கள்? இரண்டு இடத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். கால் வீங்கியது. ஆலாம்பாளையத்துத் தோப்பு கண்ணில் பட்டபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது.

ஒரு ஆட்டுக்காரரிடம் கேட்டார். "சுலோசனா வூடு எதுங்க?"

"சுலோசனாவா? அதா, அந்தப் பெரிய வூட்டுக்குத் தெக்க நிக்கும் பாருங்க."

தோப்புக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய வீடு இருந்தது. அதன் தெற்குச் சுவரில் ஒரு ஜன்னல். அந்தச் சுவருக்கு ஒரு சாண் முன்னால், கம்பி உடைந்த குடை ஒன்றைப் பிடித்துக்கொண்டு, சுலோசனா நின்றிருந்தாள். காதோரம் நரைத்திருந்தது. அவரைப் பார்த்தாள். அவருக்குப் பின்னால் வந்த சுவரைப் பார்த்தாள். அவர் நெருங்கி நெருங்கி வந்தார்.

"அங்கயே நில்லுங்க," என்றாள். "இன்னொரு அடி வெச்சீங்கன்னா நிக்க எடமிருக்காது."

அவர் நின்றார். இந்தப் பக்கம் ஒரு சுவர், அந்தப் பக்கம் ஒரு சுவர். நடுவில் ஒரு கை நீளத்துக்கு வெளி. அதில் அவர்கள் இருவரும்.

"ஜன்னல்ல ஆரு?" என்று அவள் மெதுவாகக் கேட்டாள்.

"ஆரும் இல்ல. ஆளுங்க எல்லாரும் பதினாலு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம். இங்க வெறும் ரூம்பு."

"நல்லாப் பாத்துட்டீங்களா?"

"பாத்துட்டேன். சொல்லு புள்ள."

சுலோசனா குடையை மடக்கினாள். பத்தொன்பது வருஷமாகச் சொல்ல வைத்திருந்ததைச் சொல்ல அவளுக்கு ஒரு மூச்சுகூடத் தேவைப்படவில்லை.

"எங்கப்பன் இந்த வூட்டுக்குத் தெற்கெல்லைங்க. கல்யாணத்தப்ப மறைச்சிட்டாங்க. நான் ஒரே புள்ள, அவருக்கப்பறம் எனக்குத்தான் வரும்னு எனக்குத் தெரியும். உங்ககிட்டச் சொல்லலாம்னு வாயத் தொறக்கறப்பல்லாம் ஜன்னல் பேசிருச்சு. எல்லைக்கு எல்லை சம்பந்தம் ஆவாதுன்னு பெரியம்மா அன்னிக்கே நம்மளப் பிரிச்சிருப்பாங்க."

"அப்பறம் ஏன் வரல?"

"நான் அங்க வந்தா இந்த வூடும் வந்து உங்க டீக்கடை மேல நிக்குமுங்களே."

தெய்வசிகாமணி யோசித்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. பதினோரு வருஷமாக அவர் மனதில் ஓட்டிப் பார்த்த நோயும் கோபமும் வேறு யாரோவும் ஒரே நொடியில் காணாமல் போனார்கள். அவ்வளவு பெரிய இடம் காலியானதில் என்ன செய்வதென்று தெரியாமல் அவர் சிரித்தார், அப்புறம் அழுதார். சுலோசனா முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள். கையை முழுதாக நீட்ட வேண்டிய தூரம்கூட இல்லை.

அவர் பூப்போட்ட குடையைக் கொடுத்தார். அவள் விரித்துப் பார்த்தாள். அந்த இடத்தில் ஒரு குடைதான் விரியும். பழைய குடையை ஓரமாகச் சாய்த்து வைத்தாள். இருவரும் கிழக்கே கொஞ்சம் நடந்தார்கள், மேற்கே கொஞ்சம் நடந்தார்கள். எந்த வீட்டிலும் சேராத அந்தச் சந்து இரண்டு பக்கமும் நேராகப் போனது. பாய் விரிக்க நீளம் தாராளமாக இருந்தது. அகலத்துக்குத்தான் ஒருவர் பின்னால் ஒருவர் படுக்க வேண்டும்.

பொழுது சாயும் முன் அவருடைய ஜன்னல் திறந்தது. காலைச் சாப்பாடு வந்து சேர்ந்திருந்தது. கொண்டுவந்தவர் இந்திராணியின் கடைசிக் கொழுந்தனார். சைக்கிளில் அறை அறையாக ஓட்டி வந்திருந்தார். இந்த அறை தனக்குப் பிடித்திருக்கிறது, இங்கே எந்தச் சத்தமும் கேட்கவில்லை, இனி திரும்பிப் போவதாக இல்லை என்று சொன்னார். அவளுடைய ஜன்னலும் திறந்து ராத்திரிச் சாப்பாடு வந்தது. இரண்டையும் பிரித்துச் சாப்பிட்டார்கள்.

மறுநாள் காலையில் அவளுடைய ஜன்னலுக்குப் பின்னால் பேச்சுக் குரல் கேட்டது. அந்த வீடும் விற்பனைக்கு வந்திருந்தது. தரகர் ரத்தினசபாபதி ஒரு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வந்து ஜன்னலைத் திறந்தார்.

"தெக்க இந்தம்மாங்க. நல்ல குணம்," என்றார். பிறகு தெய்வசிகாமணியைப் பார்த்து, "வாங்க, சௌக்கியமா?" என்றார்.

"சௌக்கியமுங்க."

"பார்ட்டிக்கு எடம் கொஞ்சம் பத்தலையாம். சித்தே தள்ளி நின்னாத் தேவலை."

"எவ்வளவுங்க வேணும்?" என்று சுலோசனா கேட்டாள்.

உள்ளே அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். ஒரு பெண் குரல், "விசாலமா இருந்தாப் போதுமுங்க," என்றது.

சுலோசனா தெய்வசிகாமணியைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்தார். அவர் ஓர் அடி பின்னால் வைத்தார். அவள் ஓர் அடி முன்னால் வைத்தாள். கொழுந்தனார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார். இன்னோர் அடி, இன்னோர் அடி. ஒரே குடையின் கீழ், முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டு, இரண்டு சுவர்களுக்கும் நடுவில் அவர்கள் தெற்கே நடந்தார்கள். பதினோரு மணிப் பேருந்தின் நடத்துநர் கூடம் முடிந்ததும் செருப்பை மாட்டினார். மாட்டிய கையோடு அடுத்த கூடம் வந்துவிட்டதால் மறுபடியும் கழற்றினார்.

தெய்வசிகாமணி பின்பக்கமாக நடந்ததால் வழி அவருக்குத் தெரியவில்லை. அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துச் சுலோசனா வழி சொன்னாள்.

"பள்ளம் இருக்குதுங்க, பாத்து," என்றாள்.